கட்டைவிரல் பதிந்த இடம்

ராஜபாயின் வலதுகைக் கட்டைவிரலுக்கு வெட்கம் என்பதே கிடையாது. ஊராருக்குக் குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். இவளுக்குக் காலைப் பிடிக்கத் தோன்றும். பாதத்தின் மேல்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "நூற்றொண்ணு, நூற்றிரண்டு, நூற்றிமூணு" என்று விநாடிக்கு ஒன்றாக எண்ணிவிட்டு எடுப்பாள். எடுத்ததும் சதை எழும்பிவிட்டால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிசைந்த மாவில் அழுத்தினதுபோல் குழி அப்படியே நின்றால், அது சதை அல்ல, நீர். உள்ளே பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. அந்தப் பக்கத்து ஏழை வீடுகளில் தாய்ப்பால் மறந்த பிள்ளைக்கு மூன்று வேளையும் மக்காச்சோளக் கஞ்சிதான். வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. கையும் காலும் முகமும் நீர் கோத்து உப்பும். பார்க்கிறவர்கள், "அடேயப்பா, என்ன கொழுகொழுவென்று இருக்கிறது" என்பார்கள். பிறகு முடி செம்பட்டையாகும், தோல் கறுத்து உரியும், சிரிப்பு நின்றுபோகும். அதற்குமேல் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால் போதும், இரண்டே நாளில் கதை முடிந்துவிடும்.

ராஜபாய் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில், நேமத்தில். நர்சிங் படித்து நகரத்திலேயே வேலை பார்த்தவள், முப்பத்தேழு வயதில் மிஷனெரிப் பணிக்கு எழுதிப் போட்டுக் கிளம்பிவிட்டாள். கல்யாணம் ஆகாததால் ஆப்பிரிக்கா போனாளா, ஆப்பிரிக்கா போனதால் கல்யாணம் ஆகவில்லையா என்று நேமத்துச் சர்ச் சபையில் சிலர் இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். அவள் காதில் அது விழும். விழுந்தால் என்ன, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். தங்குவது தங்கை எலிசாள் வீட்டில். போன தடவை வந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்து அழுத்தித் தொலைத்துவிட்டாள். எதற்கு என்று அந்தத் தாய் கேட்க, இவளும் வெள்ளந்தியாக, சத்துக்குறைவு உண்டா என்று பார்த்தேன் என்று சொல்ல, பிடித்தது சனி. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமா என்று அவள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நிற்க, எலிசாள் அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அங்க என்னமும் செய்துக்கோ. இங்க யாருக்க பிள்ளைக்க காலையும் அமுக்கப்பிடாது, கேட்டியா."

இந்தத் தடவை வந்து இறங்கியதிலிருந்து ராஜபாய் கையைச் சும்மாதான் வைத்திருந்தாள். சத்தியத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. அவள் மனசுக்குள்ளேயே ஒரு கோடு கிடந்தது. அந்த வியாதி கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பால், மீன், முட்டை, முக்குக்கு முக்கு ஆஸ்பத்திரி. இங்கே அதற்கு என்ன வேலை?

எலிசாளின் மகள் ரெம்யாவும் அவள் புருஷன் லிஜோவும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஒன்பதாவது மாடியில் ஃபிளாட். பதினாறு மாதக் குழந்தை ஜோவானா. ஆறு மாதத்தில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். ரெம்யாவுக்கு அது போதவில்லை. போனில் தாய்மார்கள் கூட்டம் ஒன்றில் சேர்ந்தாள். பாலை நிறுத்து என்றார்கள், நிறுத்தினாள். முட்டையை நிறுத்து, மீனை நிறுத்து, கடலையை நிறுத்து, கடைசியில் பருப்பையும் நிறுத்து. ஆபீசுக்குத் திரும்பப் போனதில் தாய்ப்பாலும் வற்றிப்போனது. மிச்சம் நின்றது அரிசிக் கஞ்சியும் ஏத்தங்காய்ப் பொடியும். நேந்திரங்காயை நறுக்கி வெயிலில் காயவைத்துப் பொடித்து, கருப்பட்டி போட்டுக் குறுக்கிக் கொடுப்பது இங்கே எல்லா வீட்டுக் குழந்தைக்கும் வழக்கம்தான். எல்லா வீட்டிலும் அதோடு வேறேதும் கொடுப்பார்கள். இங்கே அது மட்டும். மாதா மாதம் எலிசாளே காயவைத்து, பொடித்து, சலித்து, டப்பாவில் கொடுத்தனுப்பினாள்.

பிள்ளை உருண்டு திரண்டு வந்தது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் எடையும் சரி என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். ரெம்யா அனுப்பிய படம் மலாவிக்குப் போனபோது ராஜபாய்க்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் படுக்கை படுக்கையாகப் போனைத் தூக்கிக்கொண்டு போய், எங்கள் ஊர்ப் பிள்ளை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று தாய்மார்களுக்குக் காட்டினாள். சிசோமோ என்று ஒருத்தி, கைப்பிள்ளையோடு கிடந்தவள், படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது சிரிக்குமா?" என்று கேட்டாள். ராஜபாய் சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரெம்யா பிள்ளையோடு நேமத்துக்கு வந்தாள். ராஜபாய் கையை நீட்டினாள். ஜோவானா வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகியது. புது முகம் அல்லவா என்றாள் எலிசாள். முழங்கால் மடிப்பில் தோல் கறுத்து உரிந்திருந்தது. அரிப்பு இன்னும் போகவில்லை, களிம்பு போடுகிறோம் என்றாள் ரெம்யா. முடி சோளக்குஞ்சம் நிறத்தில் இருந்தது. லிஜோவின் அம்மா வழியில் அப்படி உண்டு, வெள்ளைக்காரி முடி என்று அந்த வீட்டாருக்கு அதில் ஒரு பெருமை. பாடம் முழுவதும் கண்முன்னால் விரிந்து கிடந்தது. பத்தொன்பது வருஷம் அதையே படித்தவள், "நல்ல உருண்டையாட்டு இருக்கா" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

மறுநாள் மிஷனெரி ஞாயிறு. எலிசாளின் புருஷன் தங்கப்பன் சபையின் மிஷன் கமிட்டிச் செயலாளர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் உரக்கச் சொல்லித்தான் பழக்கம். ஆராதனை முடிந்ததும் ராஜபாய் மைக்கைப் பிடித்தாள். மலாவிப் பிள்ளைகளின் படங்களைத் திரையில் காட்டி, உப்பின பிள்ளையும் பட்டினிப் பிள்ளைதான் என்று விளக்கினாள். சபையாருக்குப் பிடிபடவில்லை. குண்டாக இருக்கிற பிள்ளைக்குப் பட்டினியா என்று பின்பெஞ்சில் முணுமுணுப்பு. தங்கப்பன் எழுந்து, செய்து காட்டினால் எல்லாருக்கும் புரியுமே என்று சொல்லி, முன்வரிசையில் ரெம்யாவின் மடியிலிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மைனி, நம்ம பிள்ளைக்க காலைக் காட்டுங்க. நல்ல பிள்ளைக்குக் குழி விழாதுன்னு ஆளுங்க பாக்கட்டும்."

ராஜபாய்க்கும் அது சரியாகவே பட்டது. வேறு யார் வீட்டுப் பிள்ளை? நம் வீட்டுப் பிள்ளைதானே. பூப்போட்ட சாக்சைக் கழற்றினாள். சாக்சின் ரப்பர் இறுகின இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு வளையம் விழுந்திருந்தது. அதைக் கண்ணால் கண்டாள். கண்டும் புத்திக்கு எட்டவில்லை. சபையாரைப் பார்த்தபடியே கட்டைவிரலை வைத்து மைக்கில் எண்ணினாள். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

குழி நின்றது.

அவசரமாக மற்றக் காலின் சாக்சைக் கழற்றினாள். அழுத்தினாள். எண்ணுவதற்கு வாய் வரவில்லை. அந்தக் காலிலும் குழி. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது. செய்துகாட்டல் முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே ராஜபாய் பிள்ளையின் இரண்டு பாதத்தையும் பிடித்தபடி நின்றாள். மைக் இன்னும் வாயருகே இருந்ததையும் மறந்து, "இதை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றாள். கைதட்டல் பாதியில் நின்றது.

ரெம்யா வந்து பிள்ளையை வாங்கினாள். அவள் முகம் சிவந்து கிடந்தது. லிஜோவைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள். சபையே வாசலில் நின்று பார்த்தது. எலிசாள் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

ராஜபாய் சாப்பிடவில்லை. பஸ் மாறி மாறி ஏறி இரண்டு மணிக்குக் கழக்கூட்டம் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்த ரெம்யா உள்ளே வரச் சொல்லவில்லை, இவளே நுழைந்தாள்.

"எல்லாருக்க முன்னாலயும் என்னை நாணங்கெடுத்திட்டீங்க, பெரியம்மா. நாங்க வெள்ளை ரேஷன் கார்டுக்காரங்க, வசதியுள்ளவங்க. எனக்க பிள்ளைக்கு ஆப்பிரிக்கா சூக்கேடா, பட்டினி வியாதியா?"

லிஜோ சண்டை போடுகிறவன் அல்ல. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம், அதுவரை பொறுத்தால் போதாதா என்று தன்மையாகக் கேட்டான். போதாது என்றாள் ராஜபாய். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. இன்றைக்கோ நாளைக்கோ காய்ச்சல் வந்தால் தாங்குகிற உடம்பு அல்ல இது. வெள்ளிக்கிழமை டாக்டர் இருப்பார், பிள்ளை இருக்காது. அப்படியே பச்சையாகச் சொன்னாள். ரெம்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

ராஜபாய் தரையில் உட்கார்ந்தாள். தன் பாதத்தில் தானே அழுத்தி, எண்ணி, எடுத்துக் காட்டினாள். ஒன்றுமில்லை.

"இனி உனக்க காலை அமுக்கு, மக்களே. பெறவு பிள்ளைக்க காலை. நான் தொட மாட்டேன். நீயே பாரு. நான் சொன்னது பொய்யானா, இனி இந்த விரலால ஒரு பிள்ளையையும் தொட மாட்டேன்."

ரெம்யா வீம்புக்குத்தான் உட்கார்ந்தாள். தன் காலில் அழுத்தினாள். சதை உடனே எழும்பியது. பிறகு பிள்ளையின் பாதத்தில் அழுத்தினாள். ஜோவானா காலை இழுக்கக்கூட இல்லை, எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தது. மூன்று எண்ணி விரலை எடுத்தாள். ரெம்யாவின் விரல் அளவுக்கே ஒரு பள்ளம். அவள் உள்ளங்கையால் அதைத் தேய்த்தாள், துணியில் விழுந்த மடிப்பை நீவுவதுபோல. பள்ளம் போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

"இது மூட மாட்டேங்குது, பெரியம்மா" என்றாள். அவள் குரல் சிறுபிள்ளைக் குரலாக மாறிப்போயிருந்தது. லிஜோ கார் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயேதான் இருந்தது.

மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி. இளவயது டாக்டர் பார்த்தார், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஒருவர், இதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்று மெல்லச் சொன்னது ரெம்யா காதில் விழுந்தது. இரத்தத்தில் புரதச் சத்து இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. அன்று இரவே காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தது. ஃபிளாட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே யாருக்கும் தைரியம் இல்லை.

இரண்டு மணிக்கொரு தரம் அளந்து அளந்து, மருந்து மாதிரி பால் கொடுத்தார்கள். ஆம், பால்தான். ஒவ்வொரு தடவையும் ரெம்யா பயந்துகொண்டே பிள்ளையின் தோலைப் பார்ப்பாள். ஒன்றும் ஆகவில்லை. பாலுக்கும் அந்த அரிப்புக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. நேமத்தில் எலிசாள் தன் பொடி டப்பாவைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்துவிட்டு அழுதாள். பொடியில் குற்றமில்லை, பொடி மட்டுமே கொடுத்ததுதான் குற்றம் என்று ராஜபாய் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

நான்காம் நாள் முதல் நீர் பிரிந்தது. பிறகுதான் பெரிய அதிர்ச்சி. ஒன்பதே கால் கிலோ இருந்த பிள்ளை ஒன்பதாம் நாள் ஏழேகாலுக்கு வந்து நின்றது. கன்னம் காணோம். தொடையில் தோல் தொங்கியது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். காலையில் உடுப்பு மாற்றும்போது ரெம்யா கண்டு அலறிவிட்டாள். எனக்க பிள்ளையை இங்கே கொண்டு வந்து காயப்போட்டு விட்டீர்களே என்று நர்சைப் பிடித்து உலுக்கினாள். ராஜபாய்தான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"காயல்ல, மக்களே. இதுதான் உனக்க பிள்ளை. இவ்வளவு நாளும் தண்ணிக்குள்ள ஒளிஞ்சு கிடந்துது."

பன்னிரண்டாம் நாள் தங்கப்பன் பார்க்க வந்தார். வந்தவர் வழக்கம்போல் வார்டே அதிரத் தும்மினார். ஜோவானா அவரைப் பார்த்தது. வாய் கோணியது. எல்லாரும் அழப்போகிறது என்று நினைத்தார்கள். சிரித்தது! தங்கப்பன் மறுபடியும் பொய்யாகத் தும்மினார், அது மறுபடியும் சிரித்தது. ராஜபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வியாதியில் பிள்ளை சிரித்துவிட்டால் பிழைத்துவிட்டது என்று கணக்கு.

ரெம்யா மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கான படங்கள், வீடியோக்கள். கேக், பலூன், கிறிஸ்துமஸ் உடுப்பு.

"அஞ்சு மாசமாட்டு ஒண்ணிலயும் சிரிக்கல்ல. நான் அம்மை அல்லே? எனக்குத் தெரியல்லியே, பெரியம்மா."

அந்த நேரத்தில் ராஜபாய் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தன்னையே அறைந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை. நீ அனுப்பின படத்தைப் பார்த்தே ஒருத்தி கேட்டாள் என்று சொன்னாள். இது சிரிக்குமா என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

ரெம்யா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்குப்பிறகு பெரியம்மாவோடு ஒரு வார்த்தை இல்லை. நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோதும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராஜபாய்க்கு விமானம். அதற்கு முந்தின ஞாயிறு தங்கப்பன், பிள்ளை பிழைத்ததற்கு நன்றியாக, ஸ்தோத்திர ஆராதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சபைச் செய்திமடலில் அச்சடித்தாயிற்று: ஏற்ற சமயத்தில் ஆண்டவர் நம் சகோதரியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து குழந்தையைக் காப்பாற்றினார், அவர் சாட்சி சொல்வார். ராஜபாய் அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. செயலாளரிடம் வேண்டாம் என்றால் விடுவாரா? மைனிக்கு எப்போதும் கூச்சம் என்றார்.

ஞாயிறன்று ரெம்யா பிள்ளையோடு முன்வரிசையில்தான் வந்து உட்கார்ந்தாள். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, ஜோவானா அவள் தாலிச்சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ராஜபாய் மைக்கை வாங்கினாள்.

ஏற்ற சமயத்தில் நான் வரவில்லை என்று ஆரம்பித்தாள். தங்கப்பன் தலை நிமிர்ந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளையின் படத்தை என் வார்டில் கொண்டுபோய்க் காட்டினேன், எங்கள் ஊர்ப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெருமை அடித்தேன் என்றாள். சிசோமோ கேட்ட கேள்வியைச் சொன்னாள். கேட்டதோடு அவள் நிற்கவில்லை, நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு என்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மேலே பேசினாள்.

"அடுத்த படுக்கைக்குப் போனேன் இல்லியா, அவ எனக்க பின்னால எந்திரிச்சு வந்தா. 'சிஸ்டர், எனக்க மூத்த பிள்ளை இதே மாதிரி இருந்தது. எல்லாரும் அழகுன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். அது இப்ப எங்க வீட்டு மாமரத்துக்குக் கீழ கிடக்குது. உங்க ஊருக்குச் சொல்லி அனுப்புங்க'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எங்க ஊர்ல அந்த வியாதி கிடையாது, போய்ப் படு'ன்னேன்."

தங்கப்பன் கையில் இருந்த செய்திமடல்களை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். ராஜபாய் முன்வரிசையைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது எங்கோ ஒரு செருப்பின் வார் கழலும் சத்தம் கேட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் தன் மகளின் காலை மடியில் எடுத்து வைத்திருந்தாள். பிறகு பக்கவாட்டில் ஒருத்தி குனிந்தாள். பின்னால் ஒருத்தி. பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, கூச்சத்தில் நெளிந்தார்கள். பெஞ்சுக்குப் பெஞ்சு தாய்மார்கள் குனிய, போன தடவை பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போன அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் குனிந்தாள். அவள் ரெம்யாவுக்கு அடுத்தாற்போல்தான் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியால் சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கைமேல் ரெம்யா தன் கையை வைத்தாள்.

"இப்படி இல்ல, அக்கா. நல்லா அமுக்கிப் பிடிக்கணும். எடுக்காதீங்க" என்றாள். பிறகு தலையைத் தூக்கி, பத்து நாளுக்குப் பிறகு, ராஜபாயைப் பார்த்துப் பேசினாள். "பெரியம்மா, எண்ணுங்க."

ராஜபாய் மைக்கை வாயருகே கொண்டுபோய் எண்ணத் தொடங்கினாள்.